நீள்நேர நிலக்காட்சிப் படம்: சப்ரகமுவத் தோட்டங்களில் தொடங்குவோருக்கு

கமராவின் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் அசையாமல் நின்றது கூர்மையாகப் பதிகிறது. அசைந்தது தன் பாதை முழுவதும் பரவிப் பதிகிறது. நீள்நேரப் படம், அதாவது லோங் எக்ஸ்போஷர் என்று படமெடுப்போர் சொல்லும் முறை, முழுக்க முழுக்க இந்த ஓர் உண்மையிலிருந்தே கிளைக்கிறது. பகல் வெளிச்சத்தில் எடுக்கும் சாதாரணப் படம் ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். நீள்நேரப் படம் கால் செக்கனில் தொடங்கிப் பல நிமிடங்கள் வரை, விண்மீன்களை எடுப்போர் கையில் மணிக்கணக்கு வரை நீளும். இதில் கற்க வேண்டியது கருவியைவிட அதிகமாக, எது எவ்வளவு வேகத்தில் அசைகிறது என்று பார்க்கும் பழக்கமே.

அந்தப் பழக்கத்துக்கு இலங்கையில் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களைவிடப் பொருத்தமான நிலம் கிடைப்பது அரிது. தென்மேற்குப் பருவக்காற்றை நேராக ஏற்கும் சரிவுகள் இவை. இரத்தினபுரியில் ஆண்டுக்குச் சராசரியாக 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. களு கங்கை சிவனொளிபாதமலைச் சரிவுகளிலிருந்து நீர் கொண்டு இரத்தினபுரி வழியாக இறங்குகிறது. களனி கங்கை கேகாலை மாவட்டத்தின் தென்கிழக்கில் கித்துல்கலைப் பாறைகளில் மோதிப் போகிறது. ஆனால் தொடக்கத்தில் பயிலும் ஒருவருக்கு இந்தப் பெரிய ஆறுகளைவிடப் பயன்படுவன, இரண்டு தேயிலை மலைகளுக்கு நடுவே ஓடும் பெயரில்லாத ஓடைகளும் றப்பர் மரங்களுக்குள் இறங்கும் வாய்க்கால்களும்தான். லயத்துக்குக் கீழே பீலியில் விழும் தண்ணீர்கூட முதல் பாடத்துக்குப் போதும். குளிக்கவும் துவைக்கவும் ஆட்கள் வரும் வேளையில் மட்டும் அங்கே கமராவைக் கொண்டுபோகக் கூடாது.

ஒளியின் கணக்கு தெரியாமல் நேரத்தை ஆள முடியாது. ஒரு படத்துக்குள் வரும் ஒளியை லென்ஸின் துவாரம், சென்சரின் உணர்திறன், ஷட்டர் நேரம் ஆகிய மூன்றும் தீர்மானிக்கின்றன. உணர்திறனை ஐ.எஸ்.ஓ 100இலும் துவாரத்தை எஃப்/11இலும் நிறுத்திவிட்டால் மிஞ்சுவது நேரம் மட்டுமே. பயிலும் காலத்தில் அப்படி நிறுத்திவிடுவதே நல்லது. ஒரே நேரத்தில் மூன்றையும் மாற்றுபவருக்கு எந்த மாற்றம் எதைச் செய்தது என்று தெரியாமல் போகும். நேரத்தை நீட்டுவதற்காகத் துவாரத்தை எஃப்/22 வரை சுருக்குவோர் உண்டு. எஃப்/16ஐத் தாண்டியதும் ஒளி துவாரத்தின் விளிம்பில் வளைந்து பரவுவதால் படம் முழுவதும் கூர்மை மங்கும். அது ஆதாயமில்லாத வழி.

ஒளி இரட்டிப்பதையும் பாதியாவதையும் ஒரு படி என்று வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் மனக்கணக்கே. இதே அளவுகளில், வெயில் நேராக விழும் தேயிலை மலைக்கு ஷட்டர் நேரம் ஏறக்குறைய 1/250 செக்கன். மழை மேகம் மூடிய வெளிக்கு 1/30 செக்கன். அதே மேகமூட்டத்தில் றப்பர் நிழலுக்குள்ளோ காட்டோடைக்கோ இறங்கினால் 1/4 செக்கன் வரை நீளும். ஓடும் தண்ணீரை இழையாக்குவதற்குக் கால் செக்கன் போதுமான நேரம். துவாரத்தை எஃப்/16க்குக் கொண்டுபோனால் அரைச் செக்கன் கிடைக்கும். ஆகவே எந்தப் பில்டரும் வாங்காமலே, நிழலோடையில் முதல் மாதங்களைக் கழிக்கலாம். நூல்களும் காணொளிகளும் பில்டர் வாங்குவதிலிருந்தே பாடத்தைத் தொடங்குகின்றன. பாலைவனத்திலும் கடற்கரையிலும் அது சரி. தெரணியகலையிலும் இறக்குவானையிலும் அதற்கு அவசரமில்லை.

பில்டர் தேவைப்படும் நாள் பிறகு வரும். லென்ஸின் முன்னால் பொருத்தும் இந்தக் கருங்கண்ணாடி நிறத்தை மாற்றாமல் ஒளியை மட்டும் குறைக்கிறது; என்.டி. பில்டர் என்று கடைகளில் கேட்டால் கிடைக்கும். என்.டி.8 மூன்று படி குறைக்கும், என்.டி.64 ஆறு படி, என்.டி.1000 பத்துப் படி. மேகமூட்டத்தில் 1/30 செக்கனாக இருந்த நேரம், ஆறு படிப் பில்டரோடு ஏறக்குறைய 2 செக்கனாகவும் பத்துப் படிப் பில்டரோடு 30 செக்கனுக்குச் சற்று மேலாகவும் நீளும். ஒன்றை மட்டுமே வாங்க முடியுமானால் ஆறு படிப் பில்டரையே வாங்க வேண்டும். பத்துப் படிப் பில்டர் கண்ணைக் கவரும், ஆனால் அருவிக்கும் ஆற்றுக்கும் அது பெரும்பாலும் மிகையாகிவிடுகிறது.

பணம் செலவழிக்க இயலாதோருக்கு இரு வழிகள் உண்டு. வெல்டிங் வேலைக்குப் பயன்படும் கருங்கண்ணாடியை லென்ஸின் முன்னால் கட்டுவது ஒன்று. படம் கடும் பச்சையாக வரும், ரோ கோப்பில் எடுத்திருந்தால் அதை ஓரளவு திருத்தலாம், அல்லது கறுப்பு வெள்ளையாக்கிவிடலாம். மற்ற வழி இன்னும் நல்லது. முக்காலியை அசைக்காமல் 1/4 செக்கன் படங்கள் பதினாறைத் தொடர்ந்து எடுத்து, கணினியில் அவற்றின் சராசரியை எடுத்தால் 4 செக்கன் திறந்து வைத்த படத்தை நெருங்கிய தோற்றம் வரும். மங்கிய ஒளியில் படத்தில் தெளித்ததுபோல வரும் புள்ளிக் குழப்பமும் குறையும். கைத்தொலைபேசிகளின் நீள்நேர வசதியில் பெரும்பாலானவை உள்ளே செய்வதும் இதைத்தான். எனவே நல்ல போனும் அதைப் பிடிக்கும் சிறு முக்காலியும் வைத்திருப்பவர் தன்னைக் கருவியில்லாதவராக நினைக்க வேண்டியதில்லை.

முக்காலியைப் பற்றி உள்ளூர் நிலத்தை வைத்தே பேச வேண்டும். தோட்டத்து மண் மழைக்குப் பின் இளகியிருக்கும். கால்களை அழுத்தி இறக்கி, அது அமையும் வரை சற்றுப் பொறுக்காவிட்டால் முப்பது செக்கனுக்குள் கமரா ஒரு நூலளவு சாய்ந்துவிடும். ஓடைக்குள் கால்களை ஊன்றினால் நீரோட்டம் அவற்றை அதிர வைக்கும். நடுத்தண்டை உயர்த்துவது எப்போதும் பலவீனம். களு கங்கையிலும் களனியிலும் குறுக்கே போட்ட தொங்கு பாலங்கள் அழகான கோணத்தைத் தருகின்றன, ஆனால் ஒருவர் நடந்தாலும் முழுப் பாலமும் ஆடும். அங்கிருந்து நீள்நேரப் படம் கிடைக்காது. கரைக்கு இறங்கி, பாலத்தையே படத்துக்குள் வைப்பது மேல். ஷட்டரை விரலால் அழுத்தாமல் ரிமோட்டையோ இரண்டு செக்கன் டைமரையோ பயன்படுத்த வேண்டும். லென்ஸின் நடுக்கத் தடுப்பை நிறுத்திவிட வேண்டும். கருமையான பில்டரைப் போட்ட பிறகு கமராவால் குவியம் காண முடியாது என்பதால், முதலில் குவியம் பார்த்து, கைமுறைக்கு மாற்றிவிட்டுப் பில்டரைப் பொருத்துவதே ஒழுங்கு. கண்ணாடி வழியே பார்க்கும் பழைய வகைக் கமராவில் பின்பக்கத் துளையையும் மூட வேண்டும். அதன் வழியே புகும் வெளிச்சம் நிமிடக்கணக்கான படங்களில் ஊதாக் கறையாக விழும். முப்பது செக்கனுக்கு மேல் போக, ஷட்டரை விரும்பும் வரை திறந்து வைக்கும் பல்ப் என்ற அமைப்பு தேவை.

இனித் தண்ணீர். குருவிட்டைக்கு அருகில் உள்ள போபத் எல்ல அருவி சுமார் 30 மீற்றர் உயரம். அரச இலையின் வடிவில் விரிந்து விழுவதால் அந்தப் பெயர். 30 மீற்றர் உயரத்திலிருந்து தடையில்லாமல் விழும் ஒரு துளி அடியைத் தொட ஏறக்குறைய 2.5 செக்கன் எடுக்கும். காற்றும் பாறையும் தடுப்பதால் உண்மையில் இன்னும் சற்றுக் கூடும். இந்தச் சிறு கணக்கில் அருவிப் படத்தின் இரகசியம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஷட்டர் 1/4 செக்கன் திறந்திருந்தால் ஒவ்வொரு துளியும் தன் பாதையின் ஒரு துண்டை மட்டும் வரையும். இழைகள் தனித்தனியாகத் தெரியும், நீரின் எடையும் வேகமும் பார்ப்பவருக்குப் புலப்படும். 3 செக்கன் திறந்திருந்தால் ஒவ்வொரு துளியும் தன் முழுப் பாதையையும் வரைந்து முடித்திருக்கும். திரை போன்ற வெண்மை உருவாகும். 30 செக்கன் திறந்திருந்தால் அதே திரைதான், மேலும் தட்டையாக. புதிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. அருவிக்கு நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவது திறமையின் அடையாளம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அதைத் தொடக்கத்திலேயே விட்டுவிட வேண்டும். அருவியின் வெண்மை எளிதில் வெளிறிப் போவதால், கமரா காட்டும் அளவைவிட ஒரு படி குறைத்து எடுத்து, ஹிஸ்டோகிராமின் வலது விளிம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆறு வேறு வகை. அது எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் போவதில்லை. பாறைக்கு மேல் விரைகிறது, பாறைக்குப் பின்னால் சுழல்கிறது, மடுவில் தேங்குகிறது. கித்துல்கலையில், 1957இல் வெளிவந்த டேவிட் லீனின் குவாய் நதிப் பாலப் படத்துக்காகப் பாலம் கட்டிய பகுதியிலும் அதற்கு மேலும் கீழும், இந்த மூன்றையும் ஒரே சட்டகத்துக்குள் காணலாம். அரைச் செக்கன் பாய்ச்சலைக் காட்டும். 10 முதல் 20 செக்கன், பாறையின் பின்னால் சுழலும் நுரையை வட்டங்களாக வரையும். கண்ணால் பார்க்கும்போது இருப்பதே தெரியாத வட்டங்கள் அவை. ஒரே இடத்தில் நின்று 1/8 செக்கனில் தொடங்கி ஒவ்வொரு முறையும் நேரத்தை இரட்டித்து 30 செக்கன் வரை எடுத்துப் பார்ப்பது, எந்தப் பாடநூலைவிடவும் அதிகம் கற்றுத்தரும். மழை நாளில் களு கங்கை சேற்று நிறமாகிவிடும். அந்தச் சேற்று நீர் நீண்ட நேரத்தில் ஓர் உயிரற்ற மண்ணிறத் தகடாகப் பதிவதால், அன்றைக்குக் குறுகிய நேரமும் கறுப்பு வெள்ளையும் பொருந்தும். தெளிந்த நீர் வேண்டுமானால் காடு சூழ்ந்த மேல் ஓடைகளுக்கு ஏற வேண்டும்.

ஓடைப் படங்களைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீரல்ல, பக்கத்தில் இருக்கும் இலைகள். அருவியின் சாரலில் பன்னமும் வாழையும் ஓயாமல் ஆடும். அதே இடத்தில் ஐ.எஸ்.ஓவைக் கூட்டி, இலைகள் உறையும் குறுகிய நேரத்தில் இன்னொரு படம் எடுத்து, பின்னர் இரண்டையும் சேர்ப்பது வழக்கமான தீர்வு. போலரைசர் என்ற சுழல் பில்டர் இங்கே மிகவும் உதவும்: நனைந்த பாறையிலும் இலையிலும் மின்னும் வெள்ளைப் பளபளப்பை நீக்கி உள்நிறத்தை வெளிக்கொண்டு வரும், கூடவே ஒன்றரைப் படி ஒளியையும் குறைக்கும். மழைக்காட்டுப் பிரதேசத்தில் முதல் பில்டராக இதை வாங்குவோர் வருந்துவதில்லை.

தேயிலை மலை, நீள்நேரப் படத்துக்கு இயற்கையாகவே இணங்கும். கவ்வாத்தும் கொழுந்தெடுப்பும் சேர்ந்து செடியைத் தட்டையாக, இறுக்கமாக வைத்திருப்பதால் சாதாரணக் காற்றுக்கு அது அசைவதில்லை. அசைவன நிழல் மரங்களும் பனிமூட்டமும் மேகமும் மட்டுமே. பலாங்கொடைக்கு மேலேயுள்ள உயர்ந்த தோட்டங்களில் பிற்பகலில் பள்ளத்தாக்கிலிருந்து மூட்டம் ஏறி வரும். 5 முதல் 10 செக்கன் வரை அதன் வடிவம் நிலைக்கும். ஒரு நிமிடம் கொடுத்தால் மலை விளிம்புகள் கரைந்து சாம்பல் நிறம் மட்டும் மிஞ்சும். உயரத்தில் ஓடும் மேகம் அதற்கு எதிர்: அது கோடுகளாக இழுபட ஒரு நிமிடம் முதல் நான்கு நிமிடம் தேவை.

இந்த நிமிடக் கணக்கு ஒரு கடுமையான கேள்வியைக் கொண்டுவருகிறது. இரண்டு நிமிடம் திறந்திருக்கும் கமராவின் முன்னால் கொழுந்தெடுத்துக்கொண்டு நகரும் பெண்கள் பதிவதே இல்லை. அவர்கள் எந்த இடத்திலும் போதிய நேரம் நிற்காததால் படத்தில் வெறும் செடிகள் மட்டும் இருக்கும். இது ஒளிப்படக் கலையின் தொடக்கத்திலேயே கண்ட உண்மை. 1838இல் அந்தக் கலையின் முன்னோடியான டாகேர் பாரிஸ் நகரின் நெரிசலான ஒரு வீதியை எடுத்தார். வண்டிகளும் மக்களும் மறைந்து, சப்பாத்துத் துடைக்கக் காலை நீட்டி நின்ற ஒருவரின் உருவம் மட்டும் தெளிவாகப் பதிந்தது. கல்கத்தாவில் 1815இல் பிறந்து, ஒளிப்படக் கலையில் பெரும் புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கெமரன் 1875இல் இலங்கைக்குக் குடிவந்தார். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. ஈரமான கண்ணாடித் தகட்டில், நிமிடக்கணக்கில் ஒளியேற்றி எடுத்த அவருடைய இலங்கைப் படங்களில் கிராமத்து மக்களும் தோட்டத் தொழிலாளரும் இருக்கிறார்கள். அந்தக் காலத்துப் படங்களில் மனிதர்கள் விறைத்து நிற்பதற்கு ஒரு காரணம், அசைந்தால் மறைந்துவிடுவார்கள் என்பதே. கெமரன் 1879இல் காலமானார். பலாங்கொடையிலிருந்து பின்னவல வழியாக மலையேறிப் போய்ச் சேரும் பொகவந்தலாவையில் அவருடைய கல்லறை இருக்கிறது.

உழைப்பவர் இல்லாத பச்சை விரிப்பாகத் தோட்டத்தைக் காட்டும் படங்கள் சுற்றுலா விளம்பரங்களில் ஏற்கெனவே நிறைய உண்டு. நீள்நேரப் படம் பயில்பவர் தெரிந்தோ தெரியாமலோ அந்தக் குவியலைப் பெருக்க நேரும். மனிதர் இருக்கும் மலையில் நேரத்தைக் குறைப்பது நேர்மையான வழி. 1/8 முதல் 1/2 செக்கனுக்குள் எடுத்தால் உடல் நிலைத்து, கொழுந்து பறிக்கும் கைகள் மட்டும் அசைவாகப் பதியும். அந்தக் கைகளின் வேகத்தை வேறெந்தப் படமும் இவ்வளவு நன்றாகக் காட்டாது. கொழுந்து நிறுக்கும் வேளையில் எல்லோரும் வரிசையில் நிற்பதால் சில செக்கன் வரைகூட நீட்டலாம். முன்கூட்டியே கேட்டு, சம்மதம் பெற்று எடுக்க வேண்டும். அன்றைய கிலோவை நிறைக்க வேண்டியவர்களைப் படத்துக்காக நிறுத்தி வைப்பது அவர்கள் கூலியில் கை வைப்பதாகும்.

அந்திப் பொழுதில் நேரம் தானாகவே நீள்கிறது, பில்டர் தேவையில்லை. ஆனால் நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள நாட்டில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அந்தி மிகக் குறுகியது. சூரியன் மறைந்து இருபது நிமிடங்களுக்குச் சற்று மேல் போனதும் நல்ல வெளிச்சம் முடிந்துவிடும். நான்கு நிமிடப் படம் ஒன்றை எடுத்து, புள்ளிக் குழப்பத்தைக் குறைக்கும் கமராவின் இரைச்சல் நீக்கி வேலை செய்யவும் அதே நான்கு நிமிடம் விட்டால், ஓர் அந்திக்கு இரண்டு மூன்று படங்களுக்கு மேல் கிடைக்காது. ஆகவே வெளிச்சம் இருக்கும்போதே இடமும் கோணமும் முடிவாகியிருக்க வேண்டும். யட்டியாந்தோட்டையிலிருந்து கித்துல்கலை வழியாக மலையேறும் ஹட்டன் வீதியின் வளைவுகளில் வாகன விளக்குகள் கோடுகளாக விழ 15 முதல் 30 செக்கன் போதும். கொழுந்து வாட்டும் வேலை இரவிலும் நடப்பதால் தேயிலை ஸ்டோரின் ஜன்னல்களில் விளக்கு எரியும். மூட்டம் இறங்கிய இரவில் அந்த நீண்ட கட்டடம் தோட்டத்தின் சிறந்த பாடுபொருள்களில் ஒன்று.

2,243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாதமலைக்கு மார்கழிப் பௌர்ணமி முதல் வெசாக் வரை யாத்திரைக் காலம். பாதையில் விளக்குகள் எரியும் இந்த மாதங்களில்தான் மலையின் இரவுப் படங்கள் பெரும்பாலும் எடுக்கப்படுகின்றன. இரத்தினபுரிப் பக்கத்தின் பலாபத்தலைப் பாதையும் குருவிட்டை எரத்னைப் பாதையும் நெடுந்தூரம் காட்டுக்குள் போவதால் விளக்குத் தொடர் முழுமையாகத் தெரியாது. மலையின் உருவத்தை முதன்மையாக்கி, விளக்குகளைத் துணையாக்கி எடுப்பதே இப்பக்கத்துக்குப் பொருந்தும். பௌர்ணமி நிலவில் எஃப்/4, ஐ.எஸ்.ஓ 400, 15 முதல் 20 செக்கன் என்ற அளவில் தேயிலை மலைகள் பகல் போலவே தெளியும்.

விண்மீன்களை எடுப்பவர், வெளிநாட்டு நூல்களின் படங்களை அப்படியே எதிர்பார்த்தால் ஏமாறுவார். அவற்றில் விண்மீன்கள் துருவ நட்சத்திரத்தைச் சுற்றி முழு வட்டமிடும். இரத்தினபுரி ஏறக்குறைய 6.7 பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால் துருவ நட்சத்திரமும் அடிவானத்துக்கு மேல் அதே அளவு உயரத்தில்தான் நிற்கிறது. மலை பெரும்பாலும் அதை மறைத்துவிடும். வடக்கே திரும்பினால் மலைக்கு மேல் அரைவட்ட வளைவுகள் கிடைக்கும். கிழக்கே திரும்பினால் கோடுகள் ஏறக்குறைய செங்குத்தாக மேலெழும். உலகின் பெரும்பகுதியில் கிடைக்காத காட்சி அது. வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது. 30 செக்கன் படங்களாக 120 எடுத்துச் சேர்த்தால் ஒரு மணி நேர ஓட்டம் கிடைக்கும். விண்மீன் புள்ளியாகவே நிற்க வேண்டுமானால் 500ஐ லென்ஸின் மில்லிமீற்றரால் வகுத்து வரும் செக்கனுக்குள் நிறுத்த வேண்டும்: 24 மில்லிமீற்றருக்கு ஏறக்குறைய 20 செக்கன். சிறிய சென்சர் உள்ள கமராவுக்கு அந்த மில்லிமீற்றரை முதலில் 1.5ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

கமரா நிமிடக்கணக்கில் திறந்திருக்கும்போது எடுப்பவரும் அதே இடத்தில் நிற்க வேண்டியிருப்பதால், இடத்தின் ஆபத்தை முதலில் எடைபோட வேண்டும். களனியின் மேல் கிளைகளில் காசல்றீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களும் மின்நிலையங்களும் இருக்கின்றன. மேலே மழை பெய்தாலோ நீர் திறந்துவிட்டாலோ கித்துல்கலையில் வெயில் அடிக்கும்போதே ஆறு உயரும். நீர் கலங்கத் தொடங்குவதும் சருகு மிதந்து வருவதும் உடனே கரையேற வேண்டிய அறிகுறிகள். அசுப்பினி எல்ல அருவி இருக்கும் அரநாயக்கப் பகுதியில் 2016 மே 17ஆம் திகதி சாமசரமலை சரிந்து பெரும் உயிரிழப்பு நேர்ந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கும் நாளில் எந்த அருவிக்கும் போகக் கூடாது. தோட்டத்துக்குள் நுழைய நிர்வாகத்தின் அனுமதியும், சிங்கராஜா போன்ற காப்புக்காடுகளுக்கு உரிய அனுமதிச்சீட்டும் வேண்டும்.

ஈரமான இடங்களில் காலில் ஏறும் அட்டைக்கு உப்போ சவர்க்காரமோ போதும். லென்ஸுக்கு வரும் பூஞ்சணத்துக்குத்தான் கூடுதல் கவனம் தேவை. இந்த ஈரக்காற்றில் பையோடு மூடி வைத்த லென்ஸின் உள்ளே சில வாரங்களில் வலை படரத் தொடங்கும். வீடு திரும்பியதும் துடைத்து, காற்றில் ஆறவிட்டு, சிலிக்கா ஜெல் இட்ட காற்றுப் புகாத பெட்டியில் வைக்க வேண்டும். ஜெல்லின் நிறம் மாறினால் சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம். அன்றிரவே படங்களைப் பார்த்து, ஷட்டர் நேரத்துக்குப் பக்கத்தில் நீரின் மட்டம், காற்று, மேகம், கடைசியாக மழை பெய்த நாள் ஆகியவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்வது நல்லது. ஷட்டர் நேரம் கோப்பிலேயே இருக்கும். மற்றவை எங்கும் பதிவதில்லை, அடுத்த முறை அதே ஓடைக்கு எவ்வளவு நேரம் கொடுப்பது என்பதைத் தீர்மானிப்பவை அவையே.